வெறும் வயிறு

"வாயத் தொற புள்ள! ஒரு சொட்டும் மிச்சம் வைக்கப்படா!"

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு றஹ்மத் உம்மா குசினி வாசலில் வந்து நின்றுவிட்டாள். கையில் இலைக்கஞ்சிக் கோப்பை. முருங்கையிலை, வல்லாரை, தேங்காய்ப்பால், மேலே கருஞ்சீரகத் தூள். முந்தலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் சொன்ன பக்குவம். வெறும் வயிற்றில் குடித்துவந்தால் பிள்ளை தங்கும் என்று அவள் நம்பினாள்.

மருமகள் சுல்பா உள்ளங்கையை மெல்ல விரித்துக் காட்டினாள். கிளினிக்கில் கொடுத்த வெள்ளைக் குளிசை, ஒரே ஒரு மாத்திரை.

"மாமி... இதையும் வெறும் வயித்துலதான் போடச் சொன்னாங்க. முதல்ல இதப் போட்டுட்டு, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் கஞ்சியக் குடிக்கட்டா?"

"அப்ப எண்ட கஞ்சி ரெண்டாந்தரமா? இருட்டோட எழும்பி இலை ஆய்ஞ்சு, அரைச்சுக் காய்ச்சுறவள் பைத்தியக்காரியா?" றஹ்மத் உம்மாவின் குரல் உடைந்தது. "வருசக்கணக்கா வெறும் வயிறாத்தானே இரிக்கிற! அதுக்குள்ள என்ன முதல், என்ன ரெண்டாவது!"

சுல்பா தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வார்த்தையையும் தாங்குவாள், இந்த 'வெறும் வயிறு' ஒன்றைத் தவிர. கணவன் நௌஃபர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழத்தான் செய்தது. இறால் பண்ணையில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவனுக்கு உம்மாவின் முன்னால் மட்டும் வாய் இருக்காது.

சுல்பாவுக்கு வந்திருந்த நோய் தைராய்டு வருத்தம். அவளுடைய உடம்பே கழுத்துச் சுரப்பியை எதிரியாக நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுரப்பி செய்யவேண்டியதை ஆயுள் முழுக்க அந்தக் குளிசைதான் செய்தாகவேண்டும். ஆனால் மருமகளுக்கு வருத்தம் என்று வெளியே தெரிவதை றஹ்மத் உம்மா விரும்பவில்லை. போதாததற்கு, நௌஃபருக்கு இரண்டாவதாக ஒரு இடம் பார்க்கலாம் என்ற கதையும் வீட்டுக்குள் அடிபடத் தொடங்கியிருந்தது. சுல்பா கஞ்சியைக் குடித்தாள். அதன் பின்னாலேயே குளிசையையும் விழுங்கினாள். இரண்டும் ஒரே வயிற்றில் கலந்ததால் குளிசை உடம்பில் சரியாகச் சேரவில்லை.

நாள் போகப் போக உடம்பு ஊதியது. புத்தளத்து வெயிலில் ஊரே வேர்த்துக்கொட்ட, அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினாள். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மாதக்குளியலும் நின்றுபோனது.

"அல்ஹம்துலில்லாஹ்!" றஹ்மத் உம்மா அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "எண்ட றப்பு அல்லாஹ் என்னைக் கைவிடல்ல!"

"மாமி, கிளினிக்குக்குப் போய்ப் பாத்துட்டு..."

"வேணா! கண்ணூறு படும். இனி அந்தக் குளிசையைத் தொட்டுடாத மகள், புள்ளைக்குக் கூடாது."

மகள்! அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் கேட்க ஏங்கிய சொல். சோதித்துப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது... இல்லையென்று வந்துவிட்டால்? குளிசையை விட்டாள். அன்றே பக்கத்து வீட்டுப் பஸீஹாவுக்கும் இன்னும் நாலு வீட்டுக்கும் இனிப்பு வட்டிலப்பம் போனது.

ஒரு பகலில் கிணற்றடியில் வாளியோடு சரிந்து விழுந்தாள் சுல்பா.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். பிள்ளை இல்லை. இருக்கவுமில்லை. தைராய்டு குறைந்து இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது.

றஹ்மத் உம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனேடி! நான் இனி எந்த முகத்தோட பஸீஹாவப் பாக்குற? இல்லாததை இருக்கெண்டு நடிச்சியா, படுபாவி?"

சுல்பாவின் வீங்கிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

நேர்ஸ் மெலனி கிட்டே வந்தாள். "தைராய்டுக் குளிசைய ஒழுங்காப் போட்டீங்களா? வெறும் வயித்துலதானே? இடையில விட்டீங்களா எண்டு டாக்டர் கேக்குறா."

றஹ்மத் உம்மா மருமகளின் உதடுகளையே பார்த்தாள்.

"நான்தான்... மறந்துட்டன் மிஸ்" என்றாள் சுல்பா.

"மறந்தியா?" நௌஃபர் பாய்ந்தான். "உன்ட உசிர்லகூட உனக்கு அக்கறை இல்லயா? இப்ப எங்களையெல்லாம் அலைய வைக்கிறாய்!"

ஒருநாளும் திறக்காத வாய், திறந்தும் இவள் மேலேயே பாய்ந்தது. சுல்பா கண்களை மூடிக்கொண்டாள்.

"வாய மூடுடா!"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. றஹ்மத் உம்மா மகனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவ மறக்கல்ல. நான்தான் நிப்பாட்டினேன். வேற மருந்து குடிக்கிறாவா எண்டு பரியாரியார் கேட்டார்... இல்லயெண்டு பொய் சொன்னேன். வருத்தக்காரியக் கட்டிட்டான் எண்டு ஊர் கதைக்குமே எண்டு மறைச்சேன். நான் கெதிகெட்டவள் மிஸ்! என்னைக் காட்டிக்குடுக்காம படுத்திரிக்கிறா பாருங்க இந்தப் புள்ள!"

அவள் அப்படியே குனிந்து, ஊசி ஏறியிருந்த சுல்பாவின் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சுல்பா மற்றக் கையை மெல்ல உயர்த்தி மாமியின் முக்காட்டின் மேல் வைத்தாள்.

"கஞ்சி கெடுதியில்ல" என்று மெலனி தாழ்ந்த குரலில் சொன்னாள். "குளிசைக்குப் பொறகு நேரம் விட்டுக் குடுங்க. பரியாரியாருக்கும் எல்லாத்தையும் சொல்லுங்க. ஆனா இதயம் பழையபடி வர நாளாகும். புள்ளையப் பத்தி இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது."

வீட்டுக்கு வந்த மறுநாளும் சுபஹு தொழுத கையோடு றஹ்மத் உம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர், ஒரு வெள்ளைக் குளிசை. சுல்பா வாங்கி விழுங்கினாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பஸீஹா எட்டிப் பார்த்தாள். "என்ன றஹ்மத் உம்மா, விசேஷம் எண்டீங்க... மருமகளுக்கு ஈச்சம்பழம் கொண்டுவந்தேன், குடுங்களேன்."

"விசேஷம் ஒண்டுமில்ல. நான்தான் பிழையாச் சொன்னேன்." றஹ்மத் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எண்ட மகளுக்குத் தைராய்டு வருத்தம். இப்பதான் குளிசை போட்டா. அந்த வயிறு வெறும் வயிறாவே இரிக்கட்டும். யாரும் அதுல கை வைக்க வேணா."

சுல்பா கிளாஸைக் கீழே வைத்தாள். 'வெறும் வயிறு' என்ற சொல்லைக் கேட்டு அவள் தலை குனியாதது அன்றுதான் முதல் தடவை.