பன்னிரண்டாவது ஸ்லைடு

அந்த ஆலையின் விற்பனை மேலாளருக்கு வெல்லக்கட்டி என்று பெயர். அவரிடம் கருங்கல்லை வாங்கியவனும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவான். காலை பதினொரு மணிக்குக் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது அவர் கையில் இருந்த லேப்டாப் அவருடையது அல்ல. ஒன்பது நாளைக்கு முன், தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் நசுங்கிச் செத்த பாதுகாப்பு அதிகாரியுடையது.

ஸ்லைடுகளும் செத்தவர் செய்தவைதான். ஆலையை வாங்க வருகிறவர்களுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து செய்திருந்தார். வெல்லக்கட்டி முதல் ஸ்லைடில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாவதை மறைத்து வைத்தார். பிரஸ்ஸுக்குள் கை போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை, வேகத்துக்காகக் கழற்றச் சொன்னது யார் என்று அதில் இருந்தது. சொன்னது வெல்லக்கட்டி. அதைத் திரும்ப மாட்டப் போனபோதுதான் அதிகாரியின் மேல் பிரஸ் இறங்கியது.

ஆலை கைமாறினால் வெல்லக்கட்டிதான் அதற்குத் தலைவர். அந்த ஸ்லைடு வெளியே வந்தால் ஜெயில்.

வாங்க வந்தவர்கள் இரண்டு பேர்: முதலாளியம்மா, அவருடைய தம்பியான இன்ஜினியர்.

"டீ எல்லாம் அப்புறம். சுருக்கமா சொல்லுங்க," என்றார் அம்மா.

"சுருக்கமாத்தான் மேடம். நான் நீட்டிப் பேசுறது வீட்டுக்காரிகிட்ட மட்டும். அதுவும் மனசுக்குள்ள."

தம்பி சிரித்தார். மூன்றாவது ஸ்லைடு தானாக நகர்ந்தது.

வெல்லக்கட்டி ரிமோட்டைத் தொடவில்லை. செத்தவர் ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நேரம் பதிந்து வைத்திருந்தார். அதை எடுத்துவிட மறந்தாயிற்று. போகட்டும், அந்த ஓட்டத்துக்கே பேசிச் சமாளிப்போம் என்று நினைத்தார்.

நான்காவது ஸ்லைடு. சுவருக்கு அந்தப் பக்கம், தடக்.

"பிரஸ் ஓடுதா?" என்றார் தம்பி.

"இன்னிக்கு லீவு சார். மெயின் சுவிட்சையே இறக்கியாச்சு."

ஐந்தாவது. தடக். சூடான எண்ணெய் வாடை அறைக்குள் வந்தது. அதற்கு அடியில் பச்சை ரத்தத்தின் வாடை.

"கை போனா நிறுத்துற சென்சாரைக் கழட்டிட்டா பிரஸ் இன்னும் வேகமா ஓடுமாமே?" என்றார் தம்பி.

"அதெல்லாம் உங்க சௌகரியம் சார்." வெல்லக்கட்டி கண்ணடித்தார்.

லேப்டாப்பில், பேசுகிறவர் மட்டும் பார்க்கும் குறிப்புப் பகுதியில் இதுவரை எண்கள்தான் இருந்தன. பதினொன்றாவது ஸ்லைடுக்குக் கீழே ஒரே வரி இருந்தது.

'அடுத்தது நீ மறைச்சது.'

திரையைக் கறுப்பாக்கும் விசையை அமுக்கினார். திரை இருண்டது.

தடக்.

இருட்டுக்குள்ளிருந்து பன்னிரண்டு வந்தது.

எழுத்து ஒன்றும் இல்லை. படம் மட்டும். பிரஸ்ஸின் இரும்புப் படுக்கையில் இரண்டு கைகள், முழங்கை வரை கூழாக. பிதுங்கிய விரல் ஒன்றில் பச்சைக்கல் மோதிரம்.

வெல்லக்கட்டி அதே மோதிரம் போட்ட தன் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது?" அம்மா எழுந்துவிட்டார். "டேய் தம்பி, கிளம்பு."

"யாரோ விளையாடியிருக்கான் மேடம்! மிஷின் செத்துக் கிடக்கு. வாங்க, கையை வச்சே காட்டுறேன்."

பிரஸ் கூடத்தில் வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. சுவிட்ச் கீழே இறங்கித்தான் இருந்தது. வெல்லக்கட்டி கெட்டிக்காரர், மோதிரக் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இடது கையைப் படுக்கையில் விரித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா? தூங்குது, பச்சைக் குழந்தை மாதிரி."

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

இரும்புக்கு உள்ளிருந்து ஐந்து குளிர்ந்த விரல்கள் அவர் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்தன.

"சார்," என்றார் மிக மெதுவாக. "புடிச்சிருக்கான் சார்."

பிடுங்குவதற்கு வலது கையையும் உள்ளே விட்டார்.

தடக்.

அலறல் கூரையில் மோதித் திரும்பியது. பிரஸ் மேலே போனது. கைகள் இருந்த இடத்தில் சிவப்புத் தகடு. ஆனாலும் எதுவோ அவரை உள்ளே இழுத்தது. தோள் வரை. தடக். தம்பி ஓடிப்போய் சுவிட்சைப் பிடித்துத் தொங்கினார். அது ஏற்கெனவே இறங்கிய சுவிட்ச். மூன்றாவது அடி தலையில் விழுந்தது. தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம், பிறகு சொட்டுச் சத்தம் மட்டும்.

அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, போனை எடுக்கத் தம்பி கூட்ட அறைக்குத் திரும்பினார். திரையில் 'நன்றி. கேள்விகள் உண்டா?' என்று இருந்தது. லேப்டாப்பில் தெரிந்த முதல் ஸ்லைடிலிருந்து வெல்லக்கட்டியின் பெயர் போயிருந்தது.

தம்பி லேப்டாப் மூடியில் கை வைத்தார். ஓரத்தில் ஸ்லைடுகள் வரிசையாகத் தெரிந்தன. பன்னிரண்டுக்கு அடுத்து, மறைத்ததற்கான கோடு போட்டு, பதின்மூன்று.

அதிலும் ஒரு கைதான். லேப்டாப் மூடியின் மேல், பழுப்பு வார் வாட்ச் கட்டிய கை. இன்னும் நசுங்காமல் முழுசாக இருந்தது.

தம்பி தன் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்சின் வார் பழுப்பு.

படத்துக்குக் கீழே நொடிகள் ஓடத் தொடங்கின.

சுவருக்கு அந்தப் பக்கம், தடக்.