கழுத்தைச் சுற்றிய ஈயம்

சூளையிலிருந்து எடுத்த கண்ணாடியில் அக்காவின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. தங்கை தீட்டியது மூடிய வாயைத்தான். கண்ணாடியில் கறுப்பு மசியைப் பூசி, காய்ந்ததும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை வரவழைத்தபோது, உதட்டுக் கோட்டை மட்டும் தொடாமல் விட்டது அவள் கைதான். சூட்டில் மசி இளகியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பட்டறையை நிறைத்திருந்த ஈயப்புகைக்கு அடியில், அக்காவின் ஈரக் கூந்தல் வாசனை மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

மாதா கோவிலின் கிழக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல் அத்தானின் உபயம். உபயம் கொடுக்கிறவர் வீட்டாரை மாதாவின் காலடியில் முழந்தாளிட்டுக் கைகூப்ப வைத்து வரைவது பழைய வழக்கம். செத்துப்போன மனைவியைச் சிரித்த முகமாக வரையச் சொன்னார் அத்தான். படியில் உருண்டு செத்தாள் என்று ஊரை நம்பவைத்தவர். கூடப்பிறந்தவளுக்குக்கூட முகம் காட்டாமல் பெட்டியை மூடிப் புதைத்தவர். வேறு எவனாவது அந்த முகத்தில் பொய்ச் சிரிப்பை ஒட்டிவிடக் கூடாதே என்றுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

மதியம் அத்தான் வந்தார்.

"சிரிப்பு எங்க?"

"உங்க வீட்ல அக்கா சிரிச்சு நான் பாத்ததே இல்லயே, அத்தான்."

"அக்காளுக்கும் தங்கச்சிக்கும் வாய் மட்டும் காது வரைக்கும்." மேசைமேல் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "கழுத்துல என்ன கறுப்பா?"

"ஈயப் பட்டை. தலை தனிக் கண்ணாடி, உடம்பு தனிக் கண்ணாடி. ஈயம் வெச்சுத்தானே சேக்கணும்? மாதா கழுத்துலயும் இருக்கு, பாருங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கயிறு மாதிரி இருக்கு. எடுத்துரு."

அவள் கை அப்படியே நின்றது.

"கயிறா? படியில விழுந்தான்னுல்ல சொன்னீங்க?"

அத்தானின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. விறுவிறுவென்று வெளியேறினார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதைவிடத் தடித்த ஒன்றை வளைத்துப் பற்றவைத்தாள். "விடாதக்கா," என்றாள். "அந்த ஆள விடாத."

யாரோ மூச்சுவிட்டார்கள். மிக அருகில். திரும்பினாள். யாருமில்லை. மேசைமேல் கிடந்த கண்ணாடியில், அக்காவின் உதடுகளுக்கு நேரே, வட்டமாய் ஆவி படிந்திருந்தது.

பாதிரியார் சன்னலை மந்திரித்த ஞாயிறன்று வெயில் நன்றாகவே அடித்தது. நீலமும் சிவப்பும் கோவில் தரையில் வழிந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தானின் வெள்ளைச் சட்டையில் ஏறின. கூடவே ஒரு கறுப்புக் கோடும் ஏறி அவர் கழுத்தில் நின்றது. பின்வரிசையிலிருந்த அவள் முதலில் மகிழ்ந்தாள். நல்லா வேணும்!

வெயில் நகர்ந்தது. நிறங்கள் நகர்ந்தன. கோடு நகரவில்லை.

அத்தான் காலர் பட்டனைக் கழற்றினார். கழுத்தைச் சொறிந்தார். பிறகு இரண்டு கைகளாலும் பிறாண்டினார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய் இழுத்துவிட வேண்டும், இப்போதே, என்று நினைத்தாள். எழவில்லை.

சன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

அக்காவின் கழுத்தில் ஈயம் இல்லை. கூப்பியிருந்த கைகள் பிரிந்திருந்தன, எதையோ இரு முனையிலும் பிடித்து இழுப்பதுபோல.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். காது வரைக்கும்.