வடதுருவ ஒளிக்கு ஈடாக ஒரு லைன் வீடு

கவின்மொழி அண்டார்டிகாவை வாங்கியபோது, பத்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுத்தாள். மச்சு பிச்சுவுக்கு மாமியார் வீடு போயிற்று. சகாரா மணலுக்கு, அப்பா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி வராந்தா. எல்லாமே லாபமான பேரம் என்றுதான் அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்ப்பதிவி வந்தபிறகு உலகமே இப்படி ஆகிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் புளியங்கொட்டை அளவுக் கருவி அது. போன இடத்தைக் காற்று, வாசனை, காலடித் தரையின் குளிர் உட்பட மூளையில் முழுசாகப் பதித்துவிடும். எத்தனை வருஷமானாலும் மங்காது. நிபந்தனை ஒன்றே ஒன்று. இடங்களை நினைவில் வைத்திருக்கும் உயிரணுக்களுக்கு ஓர் அளவு உண்டு. புதிய இடம் ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும். இறங்கிய இடத்தோடு அங்கே நடந்தவையும் போய்விடும். 'அங்கே இருந்தேன்' என்கிற செய்தி மட்டும் மிஞ்சும், பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் காதில் வாங்கியது மாதிரி.

மற்ற தேசத்தார் இதற்குக் கொஞ்சம் தயங்கினார்கள். நம் ஆட்கள் தயங்கவில்லை. காசிக்குப் போனால் பிடித்ததில் ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நமக்குப் பழகிய வழக்கம்தானே. பாகற்காயை விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு திரும்புகிற சாமர்த்தியமும் பழகியதுதான். அதே சாமர்த்தியத்தோடு பிடிக்காத ஆபீஸ், தோற்றுப்போன பரீட்சை ஹால், ஒழுகிய வாடகை வீடு என்று விட்டுத் தள்ளினார்கள். கல்யாண வீடுகளில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எதை விட்டீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வரிசையில் கவின்மொழி அடுத்து விட்டது, திருப்பூரில் அவள் பிறந்து வளர்ந்த லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குழாய், எந்நேரமும் சாயப்பட்டறை வாடை. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போய்விட, தம்பி எழிலனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் படித்து முடித்த இடம். அதைக் கொடுத்துவிட்டு நார்வே நாட்டின் வடதுருவ ஒளியை வாங்கிக்கொண்டாள்.

கோளாறு அதற்கப்புறம்தான் தெரிந்தது. அடுத்த பயணத்தில், பழைய ஆபீஸ் ஒன்றை விட்டுவிட்டு, ஓர் எரிமலையின் விளிம்பில் நின்றாள். புகை, சூடு, கந்தக நெடி எல்லாம் துல்லியமாகப் பதிந்தன. ஆனால் வழக்கமாக நிமிர்கிற நெஞ்சு நிமிரவில்லை. எங்கிருந்து எங்கே வந்துவிட்டேன் என்று ஒவ்வொரு உச்சியிலும் அவளுக்குள் ஒரு கர்வம் பொங்கும். இப்போது வந்து சேர்ந்த இடம் இருந்தது, கிளம்பிய இடம் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். மச்சு பிச்சு வெறும் கற்குவியலாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் உலகநடைச் சங்கம் அவளுக்கு விருது அறிவித்தது. விழா திருப்பூரில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால். தெருமுனைக் கடைக்குக்கூடத் துணை தேடிய எத்தனையோ பெண்களை, தன் பயணக் கதைகளைச் சொல்லிச் சொல்லியே, தனியாகக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பிவைத்தவள் அவள். பெருமைப்பட அவளுக்கு எல்லாத் தகுதியும் உண்டு. அந்த மேடையில் துளிப் பெருமையும் இல்லாமல் மரம் மாதிரி நிற்கப்போகிறோம் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

எழிலனிடம் போய்ச் சொன்னாள். அவனுக்கு டயர் கடை, நல்ல வியாபாரம். ஆனால் பஸ் ஏறினாலே வாந்தி, அவிநாசியைத் தாண்டியதில்லை. ஊர்ப்பதிவி பக்கமே போனதில்லை என்பதால் லைன் வீடு அவனிடம் அப்படியே இருந்தது. ஒருவர் நினைவை இன்னொருவருக்கு மாற்றலாம், அந்த வசதியும் வந்துவிட்டது. ஆனால் நகல் எடுக்க முடியாது. கொடுத்தால் கொடுத்ததுதான்.

"நீ எடுத்துக்கோக்கா" என்றான் எழிலன்.

"உனக்குப் பிடிச்ச எடமாச்சேடா அது."

"பிடிச்ச எடந்தான். ஆனா மேடையில நிக்கறப்ப, நீ ஆருன்னு உனக்குத் தெரியோணுமில்ல."

அந்த ஊரில் பிடித்ததை விட்டவன் அவன் ஒருவன்தான். பதிலுக்கு அவள் வடதுருவ ஒளியை அவனுக்குக் கொடுத்தாள். வாந்தி எடுக்காமல் நார்வே போய்வந்துவிட்டேன் என்று அவன் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

விழா மேடையில் மைக்கைப் பிடித்தபோது லைன் வீடு அவளுக்குள் திறந்தது. சின்னப் பையனின் உயரத்திலிருந்து, அண்ணாந்து பார்த்த வீடு. குழாயடியில் பெரியவர்களோடு மல்லுக்கு நின்று குடத்தை நிரப்புகிறாள் அக்கா. அடுப்பைக் கிளறிக்கொண்டே பூகோளப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். பிறகு ஒருநாள் பெட்டியோடு சென்னைக்குப் படிக்கக் கிளம்புகிறாள். லைன் மொத்தமும் வாசலுக்கு வந்து நிற்க, பையன் 'எங்கக்கா, எங்கக்கா' என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்கிறான். அவள் விட்டுக்கொடுத்த சொந்த நினைவில் எப்போதும் பெரிதாக இருந்தது ஒழுகும் கூரைதான். அவன் நினைவில் கூரையே இல்லை, அவள்தான் இருந்தாள்.

கவின்மொழி அன்று பேசிய மாதிரி வாழ்நாளில் பேசியதில்லை. குழாயடியிலிருந்து தொடங்கி எரிமலை வரை வந்தாள். அவள் நெஞ்சு நிமிர்ந்தது. அரங்கம் எழுந்து நின்றது. முன்வரிசையில் எழிலனும் எல்லாரோடும் சேர்ந்து எழுந்து கை தட்டினான்.

கூட்டம் கலைந்ததும் அவன் பக்கத்தில் வந்தான். யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நல்லாத்தான் பேசுனே. ஆனா அந்த லைன் வீட்டுக் கதையெல்லாம் எதுக்குக்கா? நாலு பேரு வந்திருக்கற எடத்துல ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

நீதானேடா அந்த வீட்டைக் கொடுத்தாய், அங்கே என்னைப் பார்த்தவன் நீதானே என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். அங்கே குடியிருந்தது தெரியும் என்று அவன் மரியாதையாகத் தலையாட்டினான். அதற்குள் கடைத்தெரு நண்பர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடிய கதையை ஆரம்பித்தான்.

கழுத்தில் மாலையோடு நின்று கவின்மொழி அதைக் கடைசிவரை கேட்டாள். லைன் வீடு அவன் கண்ணால் பார்த்தது; இது அவள் கண்ணால் பார்த்த இடம். அதனால் அதில் அவள் எங்கேயும் இல்லை.