நாலாம் கணினி அனுமதி கேட்கிறது

ஆளில்லாத நாலாம் கணினியிலிருந்து 'டிங்' என்று மணி வந்தது.

வெள்ளவத்தையின் அந்தப் பொது நூலகத்தில் பொருத்தியிருந்த இணைய வடிகட்டியைப் போல ஓர் ஒழுக்கசீலர் மூவுலகிலும் கிடையாது. சமையல் குறிப்பில் கோழித்தொடை என்று கண்டாலே பக்கத்தை இழுத்து மூடிவிடும். கருப்பை பற்றிப் படிக்கவந்த உயிரியல் மாணவிகளைக் கள்ளிகளாக்கி அழவைக்கும். அப்படித் தடுபட்டவர்கள் அனுமதி கேட்டால், பொறுப்பாளர் றேணுகாவின் மேசைத்திரையில் மணியடித்து, கேட்ட பக்கத்தின் சின்னப் படம் வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: விடு, மறு. றேணுகா பார்த்துத்தான் அமத்துவாள். அவளோடு வேலைசெய்யும் நாகேந்திரம் அண்ணை கண்ணாடியே போடாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

பூட்டுகிற நேரம். மழைக்கு இருட்டியிருந்தது. நனைந்த குடைகளும் பழைய பத்திரிகைகளும் கடலுப்பும் கலந்த வாடை அறை முழுக்கக் குந்தியிருந்தது. றேணுகா படத்தைப் பார்த்தாள். காலி வீதி. பஸ்கள் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தன. படம் அசைந்தது.

மறு.

மறுபடி மணி. கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை, பொலித்தீன் போர்த்திய இளநீர் வண்டில். அவளுடைய ஒழுங்கை.

"அண்ணை, நாலில ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார் நாகேந்திரம், யன்னல்களைச் சாத்தியபடி. "பேயெண்டாலும் என்னட்டை அங்கத்துவ அட்டை காட்டித்தான் இருக்கோணும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அடுத்த மணி. அவள் குடியிருக்கும் தொடர்மாடியின் கேற், கதிரையிலேயே தூங்கிவிழும் காவலாளி. மறு. மாடிப்படி, ஈரம் மின்னும் கைப்பிடி. மறு. ஒரு கதவு, வாசலில், காய்வதற்காகக் கடதாசி அடைத்து வைத்த வெள்ளைச் சப்பாத்துகள். காலையில் அவளே அடைத்தவை. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் ஹம்சிகா, காய்ச்சலோடு, தனியே.

மறு. மறு. மறு.

மறுக்க மறுக்கப் படம் அந்த வாசலிலேயே நின்றது. அவள் மறுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அது வெளியே நிற்கும் என்று அவளுக்கு விளங்கியது. எப்படி விளங்கியது என்று விளங்கவில்லை. நாலாம் கணினிப் பக்கம் திரும்பினாள். கதிரையில் யாருமில்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. ஓர் ஆள் பாரத்துக்கு.

பிள்ளைக்குச் சொல்லவேண்டும், திறக்காதே என்று. மேசைக்குப் பக்கத்தில் கைபேசிக்குச் சிக்னல் வராது. யன்னலுக்கு ஓடவேண்டும். ஓடினாள். இலக்கத்தை அமத்தினாள். மறுமுனையில் மணி போனது.

பின்னால், டிங்.

"அண்ணை, அதைத் தொடாதேங்கோ!"

"ஐயோ, விட்டிட்டன் பிள்ளை," நாகேந்திரம் மேசையருகில் குடையோடு நின்றார். "எத்தினை தரம் கேட்டுட்டுது. ஆரோ சோதினைக்குப் படிக்கிற பிள்ளையாக்கும், பாவம்."

நாலாம் கதிரையின் மெத்தை மெல்ல மேலெழுந்தது.

கைபேசியில் மகள் எடுத்துவிட்டாள்.

"ஹம்சி! கதவைத் திறக்காதை! கேக்குதா?"

மூச்சு. சீப்பு இழுபடும் சத்தம். பிறகு மகளின் குரல், இவளுக்கு அல்ல, அங்கே வேறு யாருக்கோ.

"அம்மா, மெல்ல இழுங்கோ. நோகுது."

நாலாம் கணினியின் திரை தானாகவே ஒளிர்ந்தது. அவளுடைய வீட்டு முன்னறை. முதுகைக் காட்டிப் பாயில் இருக்கிறாள் ஹம்சிகா. கைபேசி காதில். பின்னாலிருந்து இரண்டு கைகள், மட்டும், தலை பின்னுகின்றன.

ஹம்சிகாவுக்குத் தோள்வரைக்கும்தான் முடி.

பின்னல் முதுகைத் தாண்டியிருந்தது. பாயைத் தாண்டி, மேசைக் கால்களைச் சுற்றி, திறந்த கதவால் வெளியே போய், படியிறங்கிக்கொண்டிருந்தது. கைகள் அவசரப்படவில்லை. மூன்று புரி. மறுபடி மூன்று. பிள்ளையின் தலை ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம், கொஞ்சம், பின்னால் சரிந்தது.