சூடு ஆறும்வரை

மண்புழு வெளிச்சத்தைப் பார்த்தால் ஓடும். காய்ந்த தரையைத் தொட்டால் திரும்பும். ஆறு வருஷமாகப் புழு வளர்க்கிற சந்திரகலாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் பின்வாசல் கதவைத் திறந்தவள், நிலைப்படியில் ஏழெட்டுப் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையை வீட்டுக்குள் நீட்டிக்கொண்டு ஊர்வதைப் பார்த்துக் கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மழை பெய்கிறது, தொட்டியை விட்டு வெளியே வரும், சரி. வந்த புழு அத்தனை ஈரத்தையும் விட்டுவிட்டு ட்யூப் லைட் எரிகிற காய்ந்த சிமெண்ட் தரைக்கு ஏன் வரவேண்டும்?

"எங்க போறீங்க எல்லாரும்?" என்று கேட்டுக்கொண்டே முறத்தில் வாரித் தொட்டியில் கொட்டினாள். புழுவோடு பேசுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அவள் புருஷன் முருகவேல் அதற்காகவே அவளைக் கிண்டல் செய்வான்.

ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்தில் அவர்கள் வீடு. முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். தோட்டத்தில் மூன்று சிமெண்ட் தொட்டி நிறைய மண்புழு. அக்கம்பக்கத்து மாடித்தோட்டங்களுக்கும், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிகளின் பூந்தொட்டிகளுக்கும் இவள் வீட்டு உரம்தான் போகும். தொட்டிகளுக்கு அப்பால், தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் புதுக் குவியல் ஒன்று இடுப்பளவுக்கு நின்றது. பச்சைச் சாணி, தழை, அன்னதானத்து எச்சில் இலை எல்லாம் போட்டு மூன்று நாள் முன்பு அடுக்கியது. புதுக் குவியல் முதல் பத்து நாள் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். இரும்புக் கம்பியை உள்ளே செருகி உருவினால் பிடிக்க முடியாது. அந்தச் சூடு ஆறுகிறவரை புழு அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காது. "அவசரப்பட்டு புழுவ விட்டுடாதீங்க, சூடு ஆறட்டும், அப்புறம் பாருங்க, அதுங்களே தேடிக்கினு வரும்" என்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்வாள்.

உள்ளே பாப்பா முனகினாள். சந்திரகலா ஓடினாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் ஆர்த்தி. நாலு வயசு. மூன்று நாளாகக் காய்ச்சல். போன மாசம் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்ட தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. தலையணையில் அந்தச் சின்ன உருண்டைத் தலை ஈரத்தில் மின்னியது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்று மூன்று. டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப்பில் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே முருகவேலுக்குப் போன் போட்டாள்.

"கலா, ஊருக்கு வெளியவே வண்டிய நிறுத்திட்டானுங்க" என்றான் அவன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றப் போனவன். "பௌர்ணமி கூட்டம்டி, அடி எடுத்து வைக்க முடில. நடந்துதான் வரணும். பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் கீது. நீ சீக்கிரம் வாய்யா."

சந்து முனையில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. மழையிலும் விடாமல் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் சளப்சளப்பென்று தண்ணீரை மிதிக்கிற சத்தமும், எங்கேயோ ஒருவர் தொடங்கி வைக்க எல்லோரும் சேர்ந்து போடுகிற 'அரோகரா'வும், சுண்டல் விற்கிறவனின் மணியும் ஒன்றாகக் கலந்து, சுவர்களில் பட்டு மங்கலாக வீட்டுக்குள் வந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. நனைந்த காகிதத்தை யாரோ மெதுவாகக் கசக்குவதுபோல. அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். தொட்டியில் காதை வைத்தால் கேட்கும், நூறு நூறு புழு ஒன்றன்மேல் ஒன்று நெளிகிற சத்தம். இத்தனை நாள் அதைக் கேட்டுப் பூரித்துப் போனவள் அவள். ஆனால் தொட்டி தோட்டத்தில் அல்லவா இருக்கிறது? இது சமையலறையில் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே தரை சிவப்பாக இருந்தது. சிவப்பு நகர்ந்தது.

சந்திரகலா பயந்த சுபாவம் இல்லை. பாம்பையே கம்பால் தூக்கிப் போட்டவள். துடைப்பத்தை எடுத்தாள், கூட்டித் தள்ளினாள், குடையில்லாமல் நனைந்துகொண்டு ஓடி, உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க முதல் தொட்டியின் சாக்கை விலக்கினாள். உள்ளே கையை விட்டுக் கிளறினாள். ஒரு புழு இல்லை. இரண்டாவது தொட்டி. இல்லை. மூன்றாவதிலும் இல்லை. சலிக்கத் தயாரான உரம் மட்டும் டீத்தூள் மாதிரிப் பொலபொலவென்று கையில் உதிர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு முடி ஞாபகம் வந்தது. பாப்பாவின் மொட்டை முடி. நாவிதர் வீட்டுக்கே வந்து மழித்ததைத் துணியில் கட்டிக் குளத்தில் விடச் சொல்லித்தான் முருகவேல் கொடுத்தான். தலைமுடியில் சத்து ஜாஸ்தி, தண்ணீரில் விட்டு வீணாக்குவானேன் என்று முதல் தொட்டியில் கலந்துவிட்டாள் இவள். "சாமிக்கு நேந்துக்கின முடிடி அது" என்று அவன் கத்தினான். "சாமி ஒண்ணும் கோச்சுக்காது, போய்யா" என்று சிரித்தாள். முடி அவ்வளவு லேசில் மக்காது; வருஷக்கணக்கில் கிடக்கும். அடிவரை தோண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வருகிற வரை தோண்டினாள். ஒரு இழைகூட இல்லை. மூன்று வாரத்தில் மொத்தத்தையும் தின்றிருந்தன.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்குள் வந்தபோது அவை சமையலறையைத் தாண்டியிருந்தன. கூடத்தில் பாதி. கல் உப்பை வாரி, பாப்பா படுத்திருந்த அறையின் வாசற்படியில் கோடு போட்டாள். முன்னால் வந்தவை உப்பில் பட்டுச் சுருண்டன, துடித்தன, அடங்கின. பின்னால் வந்தவை செத்தவற்றின் மேல் ஏறி வந்தன. கனமான ஈரமண் வாசனை அறைக்குள் நிரம்பியது. நல்ல மண்ணின் வாசனை.

பாப்பாவின் அக்குளில் மறுபடி தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்று ஒன்று. சிரப் வேலை செய்கிறது.

அடுத்த கால் மணி நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. பாப்பாவுக்கு ஒருமுறை உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கி, நெற்றி மறுபடி கொதித்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை புழுவும் ஒரு முழம் பின்வாங்கின. நடுக்கம் அடங்கி நெற்றி குளிர்ந்தபோது இரண்டு முழம் முன்னால் வந்தன. அவை காத்திருந்தன. எதற்குக் காத்திருக்கும் என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

சிரப் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்தாள். ஈரத்துணியைத் தூர வீசினாள். வீட்டில் இருந்த கம்பளி, போர்வை, முருகவேலின் ஸ்வெட்டர், அவளுடைய பட்டுப்புடவை எல்லாவற்றையும் பாப்பாமேல் போட்டுச் சுற்றினாள். வெந்நீர்ப் பையை நெஞ்சோடு வைத்துக் கட்டினாள்.

பாப்பா கண்ணைத் திறந்தாள். மூன்று நாளில் முதல்தடவையாகத் தெளிவாக இருந்தது அந்தக் கண். நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை.

"அம்மா, வேர்க்குது. போர்வைய எடு" என்றாள். "பசிக்குது. இட்லி குடு."

"வேணாம் கண்ணு. வேர்க்கக் கூடாது. இழுத்துப் போத்திக்கோ, என் ராசாத்தி இல்ல?"

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்று ஒன்பது.

பக்கத்து வீட்டு குர்ஷித் பேகத்துக்குப் போன் போட்டாள். இந்தச் சந்தில் அவளுக்கு அக்கா மாதிரி இருக்கிறவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா, பாப்பாவுக்கு சூடு இறங்கிடுச்சுக்கா!" அழுகையில் குரல் உடைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! அதுக்கு ஏன்டி அழுவுற? நல்லதுதானே" என்றார் குர்ஷித் பேகம். "நான் மக்ரிப் தொழுதுட்டு கஞ்சி எடுத்துக்கினு வரேன். பயப்படாத."

"நல்லதில்லக்கா..." என்று இவள் சொல்வதற்குள் போன் வைத்தாயிற்று.

பாப்பாவைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். சந்து முழுக்கத் தண்ணீர். படிக்கட்டில் அவை இருந்தன. தண்ணீரிலும் இருந்தன. முனையில் ஊரே நடந்து போகிறது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உதவிக்குக் கத்தினாள், 'அரோகரா' அவள் குரலை விழுங்கிவிட்டது. கதவைச் சாத்தினாள். மேசைமேல் பாப்பாவை உட்கார வைத்தாள். மேசைக் காலில் ஏறின. தோளில் தூக்கிக்கொண்டாள். அவள் பாதத்தில் ஏறின. அவளை அவை கடிக்கவில்லை, நிற்கவுமில்லை. அவள் அவற்றுக்கு வெறும் வழி.

"அம்மா, எறக்கி விடு. நான் நடக்கறேன். எனக்கு நல்லாயிடுச்சு."

"ஆகல! உனக்கு ஒண்ணும் நல்லாகல!"

சூடு வேண்டும். கொஞ்சநஞ்ச சூடு இல்லை. ஆறாத சூடு. புழு கிட்டவே வராத சூடு.

அந்த ஊரிலேயே அப்படி ஓர் இடம் அவள் தோட்டத்தில் இருந்தது.

பாப்பாவோடு கொட்டகைக்கு ஓடி, குவியலில் செருகியிருந்த கம்பியை உருவித் தொட்டாள். விரல் சுட்டது. ஐயா, அண்ணாமலையாரே, நீ இருக்கிறாய் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மண்வெட்டியால் குவியலின் நடுவைப் பிளந்தாள். வெள்ளையாகப் புகை கிளம்பியது. சாணியும் வெந்த தழையும் முகத்தில் அடித்தன. பாப்பாவைப் போர்வைகளோடு உள்ளே இறக்கினாள். இடுப்புவரை. மார்புவரை.

"அம்மா! சுடுதும்மா!"

"சுடுதா? நல்லா சுடுதா கண்ணு?" அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. "அப்படித்தான். கொஞ்ச நேரம். அப்பா வந்துடுவாரு. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ."

தோள்வரை மூடினாள். கழுத்துவரை. கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தினாள். பாப்பா திமிறினாள். கத்தினாள். தெருவில் அரோகரா. பிறகு கத்தவில்லை.

சந்திரகலா திரும்பிப் பார்த்தாள்.

புழுக்கள் வந்திருந்தன. தோட்டம் முழுக்க. குவியலைச் சுற்றி ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டன. தலையைத் தூக்கிப் பார்த்தன. முன்னால் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்துவிட்டாள். பெற்ற பிள்ளையை யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றிவிட்டாள். குவியலின் உச்சியில் அந்த மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது, சிவந்து, கண் மூடி. சுற்றிலும் புகை. தூங்குகிறாள், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு கூடை பச்சைச் சாணியை அள்ளித் தாடைவரை அணைத்தாள்.

தோட்டத்துப் பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது. "சந்திரா? உள்ள யாரும் காணோமே. பாப்பா எங்கடி?" கஞ்சித் தூக்கோடு குர்ஷித் பேகம் வந்தார்.

"இங்கதான்க்கா. பாத்து வாங்க, மிதிச்சிடப் போறீங்க" என்று தரையைக் காட்டினாள் சந்திரகலா. முகமெல்லாம் சிரிப்பு. "மறுபடி சூடு ஏறிடுச்சுக்கா. நல்லா கொதிக்குது."

குர்ஷித் பேகம் தரையைப் பார்க்கவே இல்லை. குவியலைப் பார்த்தார். தூக்கு விழுந்து கஞ்சி சேற்றில் ஓடியது. ஓடி வந்து குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டவர், "யா அல்லா" என்று அலறிக்கொண்டு வெளியே இழுத்து உதறினார். மறுபடி விட்டார். மறுபடி இழுத்தார். அவ்வளவு சூடு.

"பாத்தீங்களாக்கா? எதுவும் கிட்ட வராது இனிமே."

"தோண்டுடி! பாவி, தோண்டு!"

சந்திரகலா கேட்கவில்லை. அவள் பாப்பாவையே பார்த்தாள். பாப்பாவின் உதடு அசைந்தது. லேசாகப் பிரிந்தது. கூப்பிடப் போகிறாள். அம்மா என்று சொல்லப் போகிறாள். முட்டிபோட்டு, முகத்தோடு முகம் வைத்துக் குனிந்தாள்.

"என்னடா கண்ணு? சொல்லு."

உதடு இன்னும் கொஞ்சம் திறந்தது. உள்ளேயிருந்து ஈரமாக, சிவப்பாக, ஒரு நுனி எட்டிப் பார்த்தது. காற்றில் இப்படியும் அப்படியும் துழாவியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.