கழிவலம்

காலையில் செண்பகவல்லி கதவைத் திறந்தபோது, வாசலுக்கு எதிரே ஒரு பால்கடை முளைத்திருந்தது. சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. பால்காரர் அதற்குள் அடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கீழக்கழியில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஊருக்கு அடியில் தடமண் பரப்பப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்பொறிகள் கலந்த மண் அது. மனிதக் கால்கள் அடிக்கடி படும் இடத்தில் தன்னையே திரட்டித் தெருவாகும். கூட்டம் கூடினால் சுவரெழுப்பிக் கடையாகும். யாரும் நடக்காத தெரு ஒரு மழைக்காலத்துக்குள் கரைந்து வெறும் நிலமாகிவிடும். பழைய கீழக்கழி நெடுஞ்சாலையோரமாக மைல் கணக்கில் நீண்டு கிடந்தது. தடமண் வந்தபின் அது சுருங்கிச் சுருங்கி, ஒருவர் மூச்சு வாங்காமல் நடந்து கடக்கும் ஊராகிவிட்டது. வண்டிகள் தேவையற்றுப் போயின. விட்டுக்கொடுத்த நிலத்தில் கடல்நீர் ஏறி, பழைய உப்பங்கழி திரும்பி வந்தது.

பூநாரைகள் முதன்முதலாக இறங்கிய மாலையில் செண்பகவல்லி கரையில் நின்றிருந்தாள். தண்ணீரே எழுந்து பறப்பதுபோல இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கடல் நுழையும் வாயை முழங்கால் நீரில் கடந்து, கழியைச் சுற்றி வந்தாள். அன்று பௌர்ணமி. அடுத்த பௌர்ணமிக்குத் தெருவே அவளுடன் வந்தது. பிறகு ஊரே வந்தது. கழிவலம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வலம் தொடங்குவது அவள் வாசலிலிருந்து என்பதால்தான் இந்தப் பால்கடை.

முதல் தம்ளர் பாலோடு அவள் உட்கார்ந்தபோது தங்கை வடிவு வந்தாள். ஊரின் தடக்காவலர் அவள். தெரு எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது என்று பார்த்து வருவது வேலை. பாலை வேண்டாமென்றாள். கழியின் இரு பக்கமும் தெரு கொம்புபோல வளர்ந்துவிட்டதாகவும், இன்னும் இரண்டு வலம் போனால் இரண்டு கொம்பும் கழிமுகத்தில் முட்டிக்கொள்ளும் என்றும் சொன்னாள். கடல்நீர் உள்ளே வரும் ஒரே வழி அதுதான். அது அடைந்தால் கழி குட்டையாகும். குட்டைக்குப் பூநாரை வராது.

"நாங்க என்ன வீடு கட்டவா போறோம்? சுத்திக் கும்பிட்டுட்டு வாறோம்" என்றாள் செண்பகவல்லி.

"கும்பிடுததெல்லாம் தடமண்ணுக்குத் தெரியாதுக்கா. கால் பட்டா கடை வைக்கும்."

"அப்போ எங்கள கரையில நின்னு எட்டிப் பாக்கச் சொல்லுதியா?"

"கரைக்கே வராதீங்கங்கேன்."

செண்பகவல்லி தம்ளரைக் கீழே வைத்தாள். பால் ஆறி ஆடை படிந்தது. கழியை நினைத்து நினைத்து உருகியவர்களின் கால்கள்தான் அதன் கழுத்தை நெரிக்கின்றன என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

பௌர்ணமியன்று ஊர் திரண்டு வந்து, செருப்புகளைக் கழற்றி வரிசையாக வைத்தது. செண்பகவல்லி தன் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. கழி இருக்கும் திசையைப் பார்த்து, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டாள். "மதினிக்கு முட்டுவலி போல" என்று ஒருவர் கேலி செய்தார். அவள் காரணத்தைச் சொன்னபோது சிலர் சண்டைக்கு வந்தார்கள், ஒருத்தி அழுதாள். கடைசியில் ஒவ்வொருவராக நின்ற இடத்திலேயே சுற்றிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

கொம்புகள் தேய்கின்றனவா என்று பார்க்க வடிவு மட்டும் தினமும் கழிமுகத்துக்குப் போனாள். ஒற்றை ஆளின் காலடியை மண் பொருட்படுத்தாது என்பது அவள் கணக்கு. மழைக்காலம் முடிவதற்குள் கரையோரக் கடைகள் இளகின, தெரு சேறானது, சேற்றில் உமரிச் செடி படர்ந்தது. கடல் ஏறும் வேளையில் கண்ணாடிச் சிதறல்போல இறால்குஞ்சுகள் உள்ளே நுழைந்தன. அவற்றின் பின்னால் பூநாரைகள் வந்து இறங்கும்போது காற்றே நிறம் மாறியது. வடிவு மூச்சுவிடவும் மறந்து நிற்பாள். வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாளும் போனாள். தை பிறந்தும் போனாள்.

ஒரு காலை, அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு திண்டு எழும்பியிருந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் அகலம். மேலே தலையளவு நிழல். பக்கத்தில் முட்டி உயரத்துக்கு ஒரு சுவர் தொடங்கியிருந்தது. திண்டு ஊரைப் பார்த்து இல்லை, தண்ணீரைப் பார்த்து இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து அங்குவரை, ஓராள் அகலத்தில், வளைவில்லாமல் ஒரு தெரு.

ஊரில் யாரிடமும் அவள் சொல்லாத ஆசையை மண் படித்துவிட்டிருந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தாள். செண்பகவல்லி அவளை உட்காரவைத்து, பால்காரரிடம் இரண்டு தம்ளர் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்போ எப்படி இருக்கு அங்க?"

வடிவு வாயைத் திறந்தாள். தம்ளரோடு வந்த பால்காரர் அங்கேயே நின்றுவிட்டார். வாசலில் இன்னும் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். அவர்களின் கால்கள் மெல்லக் கழியின் பக்கம் திரும்புவதை வடிவு பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, வெறும் சேறு" என்றாள்.