கண்ணாடிக்குள் மூச்சு

அலமாரியின் கடைசி இழுப்பறையில், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கும் காலி மாத்திரை டப்பாக்களுக்கும் நடுவில், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை எடுத்துக் காதருகே கொண்டுபோனாள். ஓடத்தான் செய்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் அதே நேரம்.

அது பேட்டரி போடும் கடிகாரம் இல்லை. கட்டியிருப்பவர் கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுழன்று தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் உசத்தியான ரகம். கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும். அப்பா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு அவர் மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றி, இந்த இழுப்பறையில் வைத்துப் பூட்டியவள் அவள்தான். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. தொடுவதற்கு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

“உனக்கும் கொழுப்புதான்,” என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இழுப்பறையை இழுத்தபோது குலுங்கியிருக்கும், அதில் ஓட ஆரம்பித்திருக்கும். நேரம் எப்படிச் சரியாக இருக்கிறது என்று யோசிக்க அவளுக்கு அப்போது பொறுமை இல்லை.

காலையிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். பெரியவன் போன் செய்திருந்தான். பெரியவன் என்றால் அவளுடைய அண்ணன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த இத்தனை வருடத்தில் விருந்தாளி மாதிரி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா தலையை ஒரு தடவு தடவிவிட்டு, “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனவன். இன்றைக்கும் நலம் விசாரிக்கக் கூப்பிடவில்லை.

“சாயங்காலம் வரேன். அப்பா வாட்ச்சை நல்லா கழுவி பளபளன்னு வை. கடையில குடுத்தா மாசக்கணக்கா இழுத்தடிப்பானுங்க. வீட்லயே ஈஸியா பண்ணலாம். வீடியோ அனுப்பியிருக்கேன், பாத்து ஒழுங்கா பண்ணு. அப்படியே அலமாரி சாவியையும் எடுத்து வச்சிரு.”

அவள் இன்று மாலை பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. படித்து முடித்ததும் போயிருக்க வேண்டிய வேலை. அந்த வாரம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார்கள். அந்த யாராவது அவள்தான் என்று எல்லோருக்கும் எப்படியோ முன்பே தெரிந்திருந்தது. இப்போது வீட்டுக் கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக நிற்கிறது. போகிற நேரத்தில் இந்தத் திருப்பணி.

சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். பக்கத்தில் பழைய டூத்பிரஷ், பல்குச்சி, மடித்த துண்டு. அண்ணன் அனுப்பிய வீடியோவில் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு தன் பெருமை பேச ஆரம்பித்தான். அவள் பாதி தூரம் தள்ளிவிட்டாள். முன்பகுதியில் அவன் எதையோ விரலை ஆட்டி ஆட்டி எச்சரித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அதைக் கேட்கவும் அவளுக்குப் பொறுமை இல்லை.

அந்த டிக் டிக் சத்தம் எரிச்சலாக இருந்தது. நேரம் வைக்கும் பக்கத் திருகைத் தளர்த்தி வெளியே இழுத்தாள். நொடிமுள் சட்டென்று நின்றது. வீடு அமைதியானது. அப்போது பார்த்து மறுபடி போன்.

“ஆரம்பிச்சிட்டியா?”

“ஆரம்பிச்சிட்டேன்.”

“கோடு கீடு விழாம பாத்துக்க. அது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?”

பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். வைத்த வேகத்தில் கடிகாரத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.

எஃகுச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் அழுக்கு வந்தது. களிம்பு, பவுடர், வியர்வை, உரிந்த தோல். எல்லாம் அப்பா. தண்ணீர் கலங்கியது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்தாள். அதுவும் கலங்கியது. அடுத்ததும் கலங்கியது. ஒரு மனுஷன் மணிக்கட்டிலிருந்து இவ்வளவு அழுக்கு எப்படி வரும்? கூடவே அந்த நெடியும் வந்தது. பினாயிலை ஊற்றி ஊற்றிக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து போட்டு, இந்த ஒரு மாதமாக அவள் பாடுபட்டு விரட்டிய நெடி. நோயாளி அறையின் இனித்துப் புளித்த அந்த வாடை கிண்ணத்திலிருந்து கிளம்பி மேசை, நாற்காலி, திரைச்சீலை என்று ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. “பெரியவன்.” தண்ணீர் வேண்டுமென்றாலும் பெரியவன். மலம் போய்விட்டாலும் பெரியவன். அவள் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, பெரியவன், பெரியவன். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அதற்குச் சொல் தேவைப்படவில்லை. அசையும் கையைத் தூக்கிக் கடிகாரத்தால் கட்டில் கம்பியில் இடிப்பார். டங். டங். ஓடிவர வேண்டும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாய் தவறியாவது தன்னைக் கூப்பிடமாட்டாரா என்று அவள் காத்திருந்தது உண்மை. கடைசிவரை வாய் தவறவே இல்லை. பிரஷ்ஷை அழுத்தினாள். டிக், டிக் என்று கிண்ணத்துக்குள்ளிருந்து கேட்டது.

பிரஷ் நின்றது.

கடிகாரத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத் திருகு அவள் இழுத்துவிட்டபடியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருகு வெளியே இருந்தால் முள் ஓடக் கூடாது. அதைவிட மோசமான ஒன்று அடுத்த நொடியில் உறைத்தது. திருகைத் திறந்து வைத்தபடியே தண்ணீரில் போட்டிருக்கிறாள். வீடியோக்காரன் விரலை ஆட்டியது இதற்குத்தான்.

“ஒரு வேலை உருப்படியா செய்வியா நீ?” என்ற அண்ணனின் குரல் அவன் வராமலேயே காதில் விழுந்தது. அவசரமாகத் திருகை அழுத்தி மூடினாள். துண்டால் ஒற்றினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கத்தில், ஓரத்தில், நகக்கண் அளவுக்கு வெள்ளையாக மூட்டம் கட்டியிருந்தது.

முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடு காட்டினாள். மூட்டம் சுருங்கி மறைந்தது. அப்பாடா என்று கையை இறக்கினாள். மறைந்த இடத்திலேயே மறுபடி பூத்தது. இந்த முறை பெரிதாக, பாதி கண்ணாடி வரைக்கும். பிறகு தானாகவே வடிந்தது. அவள் கருவியை நிறுத்தியாகிவிட்டது, சூடு எதுவும் இல்லை. பூத்தது. வடிந்தது. நீளமாக ஒன்று. நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டி குட்டியாக, அவசர அவசரமாக நாலைந்து. மறுபடி நீளமாக.

அவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். கடைசி வாரங்களில் அப்பாவின் மார்பைப் பார்த்துக்கொண்டே அவள் கற்றுக்கொண்ட கணக்கு இது. நீளமாக ஒரு மூச்சு. பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு, இத்தோடு முடிந்ததா, இத்தோடு முடிந்துவிடட்டுமே என்று காத்திருப்பாள். பிறகு மறுபடி இழுக்கும்.

வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள். விளக்கைப் போட எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. மேசை மேல் கிடந்த கடிகாரத்தின் சங்கிலி லேசாக நெளிந்தது. கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து, உள்ளே ஒரு மணிக்கட்டு இருப்பதுபோல உருண்டையாக நின்றன. பிறகு அது சாய்ந்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது.

டங்.

அவள் எழுந்துவிட்டாள். பயத்தில் இல்லை. பழக்கத்தில். கால்கள் அவளைக் கேட்காமலேயே அப்பாவின் அறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டன, கை தானாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது. இருட்டில் மெத்தை இல்லாத கட்டில் கம்பியும் சட்டமுமாகத் தெரிந்தது. அங்கேயே நின்றாள். துண்டைத் தோளிலிருந்து இழுத்துத் தரையில் வீசினாள்.

“போதும்பா,” என்று கத்தினாள். “இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு? எல்லாம் செஞ்சேன்ல? எல்லாத்தையும் நான்தானே செஞ்சேன்!”

டங்.

“உங்க பெரியவன் வரான். அவன்கிட்ட கேளுங்க.”

மேசையில் கடிகாரக் கண்ணாடி முழுக்க மூட்டம் பரவி நின்றது. வடியவில்லை. அடக்கிவைத்த மூச்சு போல அப்படியே நின்றது. வாசல் மணி அடித்தது.

பெரியவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். விளக்கைப் போட்டான். பெட்டியைப் பார்த்தான்.

“என்ன இது?”

“வேலைக்குப் போறேன். சொன்னேனே அண்ணா.”

“இப்ப என்ன அவசரம்? வீட்டைப் பூட்டிப் போட்டா என்னத்துக்கு ஆகும்? ஒரு ஆறு மாசம் இருந்து பாத்துக்க. அப்புறம் யோசிக்கலாம்.” சொல்லிக்கொண்டே கடிகாரத்தைக் கையில் எடுத்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சங்கிலியின் பளபளப்பைத்தான் பார்த்தான். “பரவால்லையே. கண்ணாடி மட்டும் ஏன் இப்படி மங்கலா இருக்கு?”

சொல்லிவிடத்தான் நினைத்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கூடப் பிறந்தவன். “அண்ணா, அதைக் கட்டாத. அது…”

“இது எனக்குத்தான்னு அப்பா நினைச்சிருப்பாரு,” என்றான் அவன், அவள் பேசியதைக் காதில் வாங்காமல். “கடைசி மூச்சு வரைக்கும் என் பேரைத்தான சொன்னாரு. எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை அமையுமா?”

மெதுவாக அவன் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கினாள். “கொக்கி கொஞ்சம் இறுக்கம், நானே மாட்டி விடறேன்,” என்றாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினான். சங்கிலி வெதுவெதுப்பாக இருந்தது. கொக்கியை இரண்டு விரலால் அழுத்தி மூடினாள். கண்ணாடியிலிருந்த மூட்டம் ஒரே இழுப்பில் காணாமல் போனது. டயல் புதிதுபோலப் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தியா, தானா சரியாயிடுச்சு,” என்றான் பெரியவன்.

அவள் சாவியை மேசையில் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வருடக்கணக்கில் இப்படி லேசாக நடந்ததில்லை. வாசலைத் தாண்டினாள். படியில் காலை வைத்தாள். உள்ளே அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

“நான் சொல்றதைக் கேளு, அந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரி…”

நின்றது.

சொல்லின் பாதியில்.

செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். ஒரு கால் மட்டும் ஊன்ற, மற்றது தேய. கூடத்திலிருந்து அறைக்கு. கட்டில் சட்டம் முனகியது. பாரமான ஏதோ சாய்ந்து படுத்தது.

போய்விடு என்று தனக்குத் தானே சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விடு.

“சின்னவளே.”

அண்ணனின் குரல் இல்லை. அண்ணன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கோணிய வாயிலிருந்து, எச்சிலோடு, ஒவ்வொரு எழுத்தாகப் பாடுபட்டு உருட்டி வெளியே தள்ளிய குரல்.

“சின்னவளே.”

பெட்டி கையிலிருந்து நழுவியது. அத்தனை வருடமும் கேட்க ஏங்கிய ஒரு சொல். திரும்பினாள். திரும்பியிருக்கக் கூடாது. தெரிந்தேதான் திரும்பினாள்.

அப்பாவின் அறைக்குள் போனாள். பெரியவன் வெறும் கட்டில் சட்டத்தில் மல்லாந்து கிடந்தான். முகத்தின் ஒரு பக்கம் மெழுகு மாதிரி கீழே இறங்கியிருந்தது. அவள் குனிந்ததும் கடிகாரம் கட்டிய கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

“விடுங்க. விடுங்கப்பா. நான் போகணும்.”

நீளமாக ஒரு மூச்சு. அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நிம்மதியாக. வந்துவிட்டாள் என்ற நிம்மதியோடு. அந்தக் கண்களின் மேல் வெள்ளையாக மூட்டம் கட்டியது. உள்பக்கமாக. கருவிழி மறைந்தது. வெள்ளை மட்டும்.

இடைவெளி.

அந்த வெள்ளையில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. உள்ளிருந்து யாரோ விரலால் துடைத்த கோடு. மறுபடி துடைத்தது அந்த விரல், அவசரமாக, மேலும் கீழும். துடைத்த இடத்தில் கண் வைத்து அண்ணன் வெளியே பார்த்தான். வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

மூட்டம் மறுபடி அவனை மூடியது.